வேட்டைக்குப் போகச் சொன்னவர்கள்

இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். பூட்ஸ் சேறு வாசலில் ஒட்டிவிடக் கூடாது என்று படிக்குக் கீழேயே நின்றுகொள்கிறார். போன இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலையில், அப்படி ஒருவர் எங்கள் வீட்டு முன்னால் நின்றார். தொப்பியிலிருந்து இடுப்புவரை கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு நிறம். சாலை வேலை செய்கிறவர் என்று நினைத்து, தண்ணீர்க் குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தன் பெயர் டேல் என்றும், அடுத்த சாலையில் பால்மாடு வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு, "உங்கள் நிலம் போஸ்ட் ஆகியிருக்கிறதா?" என்றார். தபாலைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லை, பத்திரத்தை நேரில் போய்த்தான் வாங்கினோம்" என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

போஸ்ட் என்றால் இங்கே மரத்தில் பலகை அடிப்பது. வேட்டைக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று எழுதிய பலகை. எங்கள் மரங்களில் அது இல்லாததால் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். அந்த ஆரஞ்சு, மான் என்று நினைத்து ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்க வேட்டைக்காரர்கள் போடுவது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காடு எங்களுடையது. காடு என்றால் நம் பக்கத்தில் சோளமும் கடலையும் போடுகிற மானாவாரிக் காடு அல்ல, நிஜமாகவே மரம் அடர்ந்த காடு. நான் திண்டுக்கல்காரன். பச்சைத் தோலைப் பதனிடும் ஆலைகளை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அந்த வியாபாரம்தான். நான் அதையே படித்தேன். அந்தப் படிப்பு என்னை அமெரிக்காவின் வடக்கு மூலையில், மான்தோலில் கையுறை செய்யும் ஒரு சிற்றூர் ஆலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பெரிய நகரத்தில் ஒரு சின்ன பிளாட் வாங்கும் விலைக்கு இங்கே வீட்டோடு காடும் கிடைத்தது. அந்தக் காட்டில் மான் இருக்கிறது, அதைச் சுட வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்பார் என்பது மட்டும் நான் நினைத்துப் பார்க்காதது.

டேல் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உங்கள் நிலத்தில் வேட்டையாடும்போது எனக்கு அடிபட்டாலோ உயிரே போனாலோ உங்கள்மேல் வழக்குப் போடமாட்டேன் என்று அதில் எழுதி, அவரே கையெழுத்தும் போட்டிருந்தார். இன்னும் வேட்டைக்குப் போகவில்லை, அனுமதியும் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் என்னை மன்னித்துவிட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "தாராளமாக" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். என் மனைவி ரெஹானா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், "துப்பாக்கிக்காரர்கூட நின்னு இம்புட்டு நேரம் என்ன பேச்சு?" என்றாள். சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் எல்லாம் தெரியும்.

திங்கட்கிழமை வீட்டுக் காப்பீட்டு முகவரைப் போனில் கூப்பிட்டேன். வேட்டைக்கு விட்டால் நிலக்காரனுக்கு என்ன பொறுப்பு என்று கேட்டேன். "காசு வாங்குகிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். அப்படியானால் கவலை வேண்டாம், காசு வாங்காமல் வேட்டைக்கு விடுகிறவரை இந்த மாநிலத்துச் சட்டம் பெரும்பாலும் காப்பாற்றும் என்றார். ஆபத்து இருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால்தான் சிக்கலாம். பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைப் போலச் சாதாரணமாகக் கேட்டார்: "பழைய கிணறு மாதிரி ஏதாவது உண்டா?" லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு மூன்று முறை ஹலோ சொன்னார்.

திண்டுக்கல்லில், நத்தம் சாலையில் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. மாவும் புளியும். மாசி பிறந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் சாமி கும்பிட்டுவிட்டு, நாய்களும் வலைகளும் தடிகளுமாக முயல் வேட்டைக்குக் கிளம்புவார்கள். அது சட்டப்படி குற்றம். அவர்களுக்கும் அது தெரியும், அத்தாவுக்கும் தெரியும். ஆனாலும் கருப்பையா என்ற பெரியவர் முன்னால் வந்து, "பெரிய பாய், செத்த நேரம் தோப்புக்குள்ள நாய விட்டுக்கிறோம்" என்பார். அத்தா, "பாத்துப் போங்கப்பா, கெணத்துப் பக்கம் போயிராதீங்க" என்பார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. முயல் மாங்கன்றின் பட்டையைக் கடித்துவிட்டுப் போகிற ஊரில், மாட்டேன் என்று சொல்வது மரியாதையாகவும் இராது. அத்தாவின் மவுத்துக்குப் பிறகு பட்டா என் பெயரிலும் மும்தாஜ் அக்கா பெயரிலும் கூட்டாக வந்தது. நான் இங்கே. அக்கா திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்வருவாள். கருப்பையா கேட்கும் கேள்விக்கு இப்போது அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தா சொன்னதையே அவளும் சொன்னாள், கிணறு உட்பட.

அந்தக் கிணறு வற்றி வெகுகாலம் ஆகியிருந்தது. போர்வெல் போட்ட பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கைப்பிடிச் சுவர் ஒருபுறம் இடிந்து, விளிம்பு தெரியாமல் உண்ணிச்செடி மூடியிருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். தங்கவேலுக்குத் தெரியாது. அவர் மேற்கே கீரனூர்ப் பக்கத்திலிருந்து வந்து அந்த ஊரில் பெண் கட்டியவர். வெங்காயம் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு மினிவேன் ஓட்டுவார். டேல் என் கதவைத் தட்டுவதற்கு இரண்டு மாசிக்கு முன்னால் நடந்த வேட்டைக்கு மச்சினன்மார்களோடு முதல்முறையாக வந்திருக்கிறார். கூடவே அவர் வளர்த்த கன்னி இன வேட்டைநாய். அக்கா கிணற்றைப் பற்றிச் சொன்னபோது அவர் சாலையில் வேனை ஓரங்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முயல் செடிக்குள் பாய்ந்தது. நாய் அதன் பின்னால் பாய்ந்தது. நாயின் பின்னால் அவர்.

கயிறு கட்டி அவரை மேலே தூக்கியபோது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நாய் செத்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முதுகுத்தண்டு முறிந்துவிட்டது, நடக்க வாய்ப்பில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே அக்கா எனக்குப் போன் செய்தாள். வகுப்பில் கணக்குச் சொல்வதுபோல நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், "அவரு பொண்டாட்டி செல்வி என் கையப் புடிச்சுக்கிட்டாடா. என்னையத் திட்டவே இல்ல" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். அப்புறம் அழுகைதான் கேட்டது.

நடந்தது ஒன்றுதான் என்றாலும், மறுநாளிலிருந்து அதைச் சொல்வதற்கு மூன்று வழிகள் முளைத்தன. எங்கள் மச்சான், அதாவது அக்காவின் கணவர், அவளை ஒரு வக்கீலிடம் அழைத்துப்போனார். வக்கீல் தயங்கவே இல்லை. "அனுமதியில்லாம வேலிய உடைச்சு உள்ள வந்தாங்கன்னு ஒரு புகாரக் குடுத்துருங்க டீச்சர். திருட்டுத்தனமா நொழஞ்சவன் விழுந்தா உங்களுக்குப் பொறுப்புக் கம்மி. வேட்டை கேஸும் உங்கமேல வராது." இது முதல் வழி. இதன்படி தங்கவேல் திருடன். இரண்டாவது வழியைக் கொண்டுவந்தது ஊர்க்காரர்கள். கருப்பையா திண்டுக்கல்லுக்கே வந்து, அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "தாயி, புளி உலுக்க வந்த ஆளு தவறி விழுந்துட்டாருன்னு சொல்லிருங்க. வேட்டைன்னு வெளிய வந்தா வந்தவுக அம்புட்டுப் பேர் மேலயும் பாரஸ்டு கேஸு விழும்." இதன்படி வேட்டையே நடக்கவில்லை. ஆனால் வேலைக்கு வைத்தவர்கள் என்ற முறையில் முழுப் பொறுப்பும் எங்கள் தலையில். மூன்றாவது வழி, நடந்ததை நடந்தபடி சொல்வது. அதில் எல்லாருக்கும் கெடுதல் இருந்தது.

அக்கா எனக்கு மறுபடி போன் செய்தாள். "ஒரு வழில நான் தப்பிச்சுக்கிறேன், அந்தாளு கள்ளனாகுறாரு. இன்னொரு வழில அவுக தப்பிக்கிறாக, நம்ம மாட்டுறோம். நெசத்தச் சொன்னா எல்லாரும் மாட்டுறோம். உன் பேரும் பட்டாவுல இருக்கு. நீ என்னடா சொல்ற?" அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. உலகத்தில் எங்காவது உன்மேல் வழக்கு உண்டா என்று இங்கே கேட்பார்கள். ஊரில் இருக்கும் ஒரு கிணறு இங்கே என் காலைப் பிடித்து இழுக்கும் என்று நான் நினைத்ததில்லை. சம்பளம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கண்ணில் ஓடின. வக்கீல் சொன்ன வழி எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்றும் தோன்றியது. ஆனால் பேச்சு வேறாகத்தான் வந்தது. "நீ சொன்ன அனுமதி என் பங்குக்கும் சேத்துத்தான்க்கா. எது சரின்னு படுதோ அதச் செய்யி. நான் வாரேன்" என்றேன். அன்று இரவு தூக்கம் இல்லை. ரெஹானா மட்டும், "போயிட்டு வாங்க" என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் நான் தங்கவேலைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சின்னவர். மேல்பாதி உடம்பு மூட்டை தூக்குகிறவரின் உடம்பாகவே இருந்தது. கால்கள் மட்டும் யாரோ கொண்டுவந்து வைத்தவைபோலப் போர்வைக்குள் கிடந்தன. செல்வி தண்ணீர் பாட்டிலில் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். அக்கா அவரிடமே கேட்டுவிட்டாள். "தங்கவேலு, ஊருல புளி உலுக்க வந்தீகன்னு சொல்லச் சொல்றாக. உங்களுக்கும் அதுல நல்லதுதான். என்ன சொல்லட்டும்?" அவர் மேலே சுற்றும் மின்விசிறியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நாயி உள்ளாற கெடந்துச்சே. அதும் புளி பறிக்கவா வந்துச்சுன்னு கேப்பாங்களே?"

யாராலும் சிரிக்க முடியவில்லை. அவரே தொடர்ந்தார். "நான் முயலுக்குத்தானுங்க ஓடுனேன். நாளைக்கு எம் பொண்ணு கேட்டாலும் அதத்தான் சொல்லோணும். ஒரு பொய்யச் சொல்லிப்போட்டு அத ஆயுசுக்கும் காவந்து பண்ண முடியாதுங்க." செல்வி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் தம்பிகள்மீதும் வழக்கு விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

வனச்சரக அலுவலகத்துக்கு நானும் அக்காவும் போனோம். வக்கீல் வர மறுத்துவிட்டார். ஆனால் முதல்நாள் கடைசியாக ஒரு யோசனை சொல்லியிருந்தார். கிணறு இருப்பதைச் சொல்லி எச்சரித்ததாக எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய பாதுகாப்பு என்று. அது உண்மையும்கூட. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "நான் சொன்னேன் சார். அவரு காதுல விழல. விழாத வார்த்தைய நான் சொன்ன கணக்குல சேத்துக்கிறது எப்படி?" என்றாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். எத்தனை முறை கேட்டும் அக்கா ஒன்றையே சொன்னாள். வருஷா வருஷம் வருவார்கள், வேட்டைக்கென்று தெரிந்தேதான் விட்டேன், கிணறு எங்களுடையது, மூடாமல் வைத்திருந்தது நாங்கள். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அம்மா, உங்களுக்கு எதிரா நீங்களே இவ்வளவு சொல்ல வேண்டியதில்ல" என்றார். அக்கா, "எழுதிக்கங்க சார்" என்றாள். என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சம்பவத்தன்று நாட்டிலேயே இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்று அவர் விட்டுவிட்டார். என்னிடமிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியேறியது. அதை அக்கா கவனித்திருப்பாள்.

வேட்டைக்கு வந்தவர்கள் எல்லாரும் அபராதம் கட்டினார்கள். அக்காவும் கட்டினாள். அதற்குப் பிறகு நடந்தவைதான் கடினம். பள்ளி நிர்வாகம், வழக்கில் பெயர் வந்த டீச்சர் கொஞ்ச காலம் வீட்டில் இருக்கட்டும் என்றது. அந்தக் கொஞ்ச காலம் இன்னும் முடியவில்லை. இப்போது வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறாள். தோப்புக்குப் போனால் ஊர்க்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காப்பாற்றச் சொல்லி வந்தவர்களை மாட்டிவிட்டாள் என்று பேச்சு. கருப்பையா ஒருமுறை சாலையில் எதிர்ப்பட்டபோது, "பெரிய பாய் இருந்திருந்தா இப்புடிச் செஞ்சிருக்கமாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது அக்காவை எந்த வழக்கைவிடவும் வருத்தியது. அத்தா என்ன செய்திருப்பார் என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அபராதம் அரசாங்கத்துக்குப் போனது. தங்கவேலுக்கு நாங்கள் செய்ய வேண்டியது பாக்கி இருந்தது. நீதிமன்றத்துக்குப் போனால் எத்தனையோ வருடம் ஆகும். அக்காவும் நானும் பேசி, தோப்பில் நத்தம் சாலையை ஒட்டிய துண்டை அளந்து செல்வி பெயரில் எழுதிவைப்பது என்று முடிவு செய்தோம். அதற்குத்தான் கூட்டுப் பட்டாக்காரனாக என் கையெழுத்து வேண்டியிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கேமரா முன்னால் உட்காரவைத்து ஒவ்வொருவர் விரலையும் கருவியில் வைக்கச் சொன்னார்கள். தோல் பதனிடும் ரசாயனத்தில் பல வருடம் புழங்கியதாலோ என்னவோ என் கட்டைவிரல் ரேகை பதியவே இல்லை. "துடைச்சிட்டு வைங்க சார்", "அடுத்த விரல் வைங்க" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எங்கள் மண்ணை நான் கொடுப்பதை அந்தக் கருவி நம்ப மறுத்ததுபோல இருந்தது. கடைசியில் சுண்டுவிரலில் பதிந்தது. அந்த வாரமே லாரிகளில் மண் வந்து கிணற்றை மூடினார்கள். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு, கடைசி லாரி காலியாகும்வரை நகராமல் நின்றாள்.

டேல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, விடுமுறையில் அந்த வழியாகப் போனேன். சாலையோரத்தில் தகரக் கூரை போட்டு ஒரு கடை. செல்வி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். தங்கவேல் சக்கர நாற்காலியில் இருந்தபடி வெங்காயம் எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செல்வி, "வாங்கண்ணே, வெயில்ல நிக்கிறீங்களே" என்று பெஞ்சைத் துடைத்தாள். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள். கடை நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். தங்கவேல் தராசைப் பார்த்தபடியே, "ஓடுதுங்க. காலு இருந்தா இந்த எடமே வேண்டியதில்லீங்க, பாருங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எடையைச் சொல்வதுபோலச் சரியாகச் சொன்னார். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். நல்லது செய்துவிட்டோம் என்று நினைக்கிற ஒவ்வொரு முறையும் அது வந்து முன்னால் நிற்கிறது.

இதையெல்லாம் டேலிடம் எப்படிச் சொல்வது? அடுத்த சனிக்கிழமை அவரை வரச் சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "இது வேண்டாம். என்னோடு நடந்து வாருங்கள்" என்றேன். காடு முழுவதையும் சுற்றிக் காட்டினேன். இலைக்குள் புதைந்து கிடந்த பழைய முள்கம்பி, இற்றுப்போன மரப்பாலம், மழைக்குச் சதுப்பாகிவிடும் பள்ளம் எல்லாவற்றையும் நின்று நின்று காட்டினேன். அவர் முகம் மெல்ல இறுகியது. "என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், வருத்தப்படமாட்டேன்" என்றார். அப்படியில்லை என்று விளக்க வாய்திறந்து, "வெல்..." என்று ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் கிணறு என்றுதான் சொல்ல வந்தேன். இங்கே பேச்சில் தயங்குகிறவர்களும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். டேல் தலையைச் சாய்த்து, மீதியைச் சொல்வேன் என்று பொறுமையாகக் காத்திருந்தார். மீதி வரவில்லை. "போய் வாருங்கள்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேட்டைப் பருவம் தொடங்கிய காலை. இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது, திண்டுக்கல்லில் சாயங்காலம். போனில் அக்கா டியூஷன் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது காட்டுக்குள் ஒரு வெடிச் சத்தம். "என்னடா, யாரு வெடி போடுறா?" என்றாள். சொன்னேன். அக்காவுக்குப் பின்னால் டவுன் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பிறகு மெதுவாக, "தெரிஞ்ச ஆளுதானே? திரும்பி வந்துட்டாரா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "அப்ப போன வைக்காத. வரட்டும்" என்றாள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பனி மூடிய மரங்களின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வழியாகக் காதில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு முடிந்தும் அக்கா தொழப் போகவில்லை. வெகுநேரம் கழித்து, மரங்களுக்கு நடுவில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி அசைந்து, வளர்ந்து, ஒரு மனிதனாகி வெளியே நடந்து வந்தது. "வந்துட்டாருக்கா" என்றேன். முகம்கூடப் பார்த்திராத அந்த மனிதருக்காக, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல்லில் அக்கா போனைக் கீழே வைத்தாள்.